முன் சீட்டில் உன் மாமனார்

மகனே, இதைப் பேனாவால் எழுதுகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் உன் மாமனார் முதல் ஆளாகப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அவருக்கு எதற்கும் கட்டைவிரல்தான். போன மாதம் நான் பல் பிடுங்கிக்கொண்ட செய்திக்கும் அதைத்தான் காட்டினார். நீ சனிக்கிழமை காலையில் கிளம்புகிறாய். கிரிக் வரைக்கும் ஒரு நாள். மறுநாள் விடிந்ததும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறி, காட்டையும் மலையையும் தாண்டி ஜெலியில் இறங்கி, கிளந்தான், திரெங்கானு, மெர்சிங் என்று கடலோரமாகவே ஜொகூருக்குத் திரும்பப் போகிறாய். காரை நீ ஓட்டுகிறாய். பின்னால் தர்ஷினி. முன் சீட்டில் அவளுடைய அப்பா. இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்தேன். மாசாயில், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்கிறேன்.

நீண்ட பயணம் போகும் பிள்ளைக்குத் தகப்பன் எழுதும் கடிதங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் தகப்பன் பெருந்தன்மையாக இருக்கிறான். போய் வா, உலகத்தைப் பார், என் கண்களையும் எடுத்துக்கொண்டு போ என்கிறான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். என் கண்களை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை, அவற்றை வைத்துக்கொண்டு நானே பார்க்க வேண்டும் என்பதுதான் என் பிரச்சினை. எனக்கு இருப்பது பொறாமை. உன்மேல் கொஞ்சம், உன் மாமனார்மேல் நிறைய, அந்த முன் சீட்டின்மேல் சொல்லி முடியாத அளவு. இதை ஒரு தகப்பன் எழுதக்கூடாது என்று தெரியும். அறுபத்தாறு வயதில் எழுதக்கூடாததை எழுதாவிட்டால் பிறகு எப்போது எழுதுவது?

நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அங்கே இருந்தாயே தவிர, நடந்தது உனக்குத் தெரியாது. ஆறு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு நீங்கள் இருவரும் வந்திருந்தீர்கள். உன் அம்மா நண்டு சமைத்திருந்தாள். நீ நண்டின் காலை உடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாய்.

“பா, நாங்க கிரிக்–ஜெலி ரோட்ல போலாம்னு இருக்கோம். அப்படியே கிழக்குக் கரைய சுத்திட்டு வர்றோம். நீங்களும் வர்றீங்களா?”

“எனக்கு எதுக்குய்யா அதெல்லாம். செடிக்கு யாரு தண்ணி ஊத்துறது? நீங்க போய்ட்டு வாங்க.”

“ஓகே பா.”

அவ்வளவுதான். நீ அடுத்த காலை உடைக்கப் போய்விட்டாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு காத்திருந்தேன். ரசம் வந்தது, மோர் வந்தது, நீ கை கழுவிவிட்டு வந்தாய். இரண்டாவது தடவை கேட்கவில்லை. நீங்கள் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தேன். சும்மா வரவில்லை. “அந்தப் பக்கம் குளிரா இருக்குமே,” என்றேன். கேட்கத் தெரிந்தவனுக்கு இது போதும். நீ, “ஜாக்கெட் எடுத்துக்கிறோம் பா,” என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினாய்.

நான் பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அங்கே ஒரு வீட்டுக்குப் போனால், “பசியாறுறீங்களா?” என்று கேட்பார்கள். “வேண்டாம், இப்பத்தான் ஆச்சு,” என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவனும் அதைத்தான் சொல்லுவான். மறுபடி கேட்பார்கள். “அட, எதுக்குங்க சிரமம்,” என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள், அப்போது உட்கார்ந்து நான்கு தோசை சாப்பிட வேண்டும். முதல் தடவையே சரி என்று சொல்லுபவனைப் பார்த்து, அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லையா என்று பேசிக்கொள்வார்கள். இது முட்டாள்தனமான ஏற்பாடு என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் அதே முட்டாள்தனத்தைச் செய்யும்வரை அது நன்றாகவே ஓடியது. நீ பட்டணத்துக் குடியிருப்பில், தாமானில் வளர்ந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். ஒருவர் வேண்டாம் என்றால் அவருக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறாய். அது நாகரிகம். நாகரிகத்தை நான் மதிக்கிறேன். என் பயணம் கைவிட்டுப் போனதற்குக் காரணமும் அந்த நாகரிகம்தான்.

புதன்கிழமை உன் அம்மா செய்தி கொண்டுவந்தாள்.

“தர்ஷினி அப்பா போறாராம். கேட்ட ஒடனே வர்றேன்னுட்டாராம்.”

“கேட்ட ஒடனேயா?”

“ஒடனே. எத்தன மணிக்கு கெளம்பணும்னு கேட்டாராம்.” அவள் துணியை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். “ஒங்களுக்கு வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“நண்டு இருந்துச்சு.”

“அப்ப அந்த நண்டையே கட்டிப்பிடிச்சிக்கிட்டு உக்காருங்க.”

உன் அம்மா இந்த விஷயத்தில் என்னைவிட நேர்மையானவள். உன்னிடம் நேராகச் சொல்லிவிட்டாள், “கோத்தா திங்கி தாண்டுனாலே எனக்கு வாந்தி வரும், ஆளை விடு,” என்று. அவள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். என் வேண்டாம் மட்டும் வேறு சரக்கு. முப்பத்தைந்து வருஷமாக என்னோடு குடித்தனம் செய்கிற அவளுக்கு அது தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். உனக்குப் பட்டம் கொடுத்த நாளிலும் இதே கதைதான் நடந்தது. விழாவுக்கு இரண்டு பேருக்குத்தான் இடம் என்று நீ சொன்னாய். “நான் எதுக்கு, வேலை நாளு வேற, உங்க சித்தப்பாவ கூட்டிட்டுப் போ,” என்றேன். அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். நம் வீட்டுக் கூடத்தில் இன்றைக்கும் தொங்குகிற அந்தப் படத்தில் கறுப்பு அங்கியோடு நீ நிற்கிறாய், ஒரு பக்கம் உன் அம்மா, மறுபக்கம் என் தம்பி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் அவனைப் பார்த்துவிட்டு, “இதுதான் அப்பாவா?” என்று கேட்கிறார்கள். நான் காப்பி கொண்டுவந்து வைப்பவனாக நிற்கிறேன்.

என் பொறாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. முப்பத்தொரு வருஷம் நான் ஸ்டியரிங் பிடித்தவன். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ். காலை ஷிப்டை இறக்கிவிட்டு, ராத்திரி ஷிப்டை ஏற்றிக்கொண்டு வீட்டில் விட வேண்டும். இருபத்திரண்டு நிறுத்தங்கள். எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள், யார் எந்தப் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நடுவில் காத்திருக்கும் நேரத்தில் பஸ்ஸிலேயே உட்கார்ந்து படிப்பேன். பாலைவனம், துருவம், மலைக்கணவாய் என்று மற்றவர்கள் போன பயணங்கள் எல்லாவற்றையும் அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்து படித்து முடித்தேன், என்ஜினை நிறுத்திவிட்டு. நான் ஓட்டிய தூரத்தைக் கணக்குப் போட்டு, பூமியை ஒன்பது தடவை சுற்றியிருக்கிறீர்கள் பா என்று நீ ஒருநாள் சொன்னாய். பெருமையாகத்தான் சொன்னாய். ஒன்பது தடவை பூமியைச் சுற்றி, பக்கத்து ஊரான உலு திராமைத் தாண்டாத ஒரே டிரைவர் நானாகத்தான் இருப்பேன். இப்போது ஒரு மனிதர் ஓய்வூதியத்தோடும் தொப்பியோடும் முன் சீட்டில் உட்கார்ந்து, தெமெங்கோர் ஏரிப் பாலத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்கப் போகிறார். உனக்கு வாழ்த்துச் சொல்ல என் கை எழும்ப மாட்டேன் என்கிறது.

ஆனால் அந்த நெடுஞ்சாலைக்கு நாம் ஏற்கெனவே ஒருமுறை போயிருக்கிறோம் என்று நீ சொல்லுவாய். ஆமாம். இந்தக் கடிதத்தில் நான் உண்மையிலேயே சொல்ல வேண்டியது அதைப் பற்றித்தான்.

உனக்குப் பதினோரு வயது. பள்ளி விடுமுறை. எனக்கு ஐந்து நாள் லீவு கிடைத்திருந்தது. அதே சுற்றுதான், அதே வழிதான், நம்முடைய பழைய வெள்ளைக் காரில். உன் அம்மா ஒரு கட்டுப் பிளாஸ்டிக் பைகளோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் கிரிக்கில் தங்கினோம். மறுநாள் காலை பெட்ரோல் ஊற்றும்போது அங்கிருந்த மலாய்க்காரர், காலையில் சாலையில் யானை நின்றது என்று, ஏதோ தூறல் போட்டது என்பதுபோலச் சொன்னார். நீ பின் சீட்டில் குதித்தாய். நானும் சிரித்தேன். பிறகு சாலையில் ஏறினோம். வீடுகள் முடிந்தன. ரப்பர் மரங்கள் முடிந்தன. யானைப் படம் போட்ட மஞ்சள் பலகை ஒன்று வந்தது. அதற்குப் பிறகு பனிமூட்டம், இரண்டு பக்கமும் காடு. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. ஒரு வளைவுக்கு முன்னால் நான் காரை ஓரம் கட்டினேன். “டயர்ல சத்தம் வருது, பாத்துட்டு வர்றேன்,” என்று இறங்கினேன். டயரைப் பார்க்கவில்லை. வளைவு வரைக்கும் நடந்துபோனேன். திரும்பி வந்து என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும்.

“மண்சரிவு. ரோட்ட மூடிட்டாங்க.”

“பெருசாப்பா?”

“பெருசு.”

“நான் பாக்கணும்!”

“பாக்கக் கூடாது. இன்னும் சரிஞ்சுக்கிட்டு இருக்கு.”

நான் காரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, அதே வளைவிலிருந்து மரம் ஏற்றிய ஒரு லாரி வந்தது. அவசரமில்லாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு துளி மண் இல்லாத சக்கரங்களோடு நம்மைத் தாண்டிப் போனது. நீ கேட்டாய், “அப்பா, அந்த லாரி மட்டும் எப்படி வந்துச்சு?”

“அது சரியறதுக்கு முன்னாடியே கெளம்பினது.”

பதினோரு வயதில் உனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. உன் அம்மா என்னைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டாள். நாம் ஈப்போவுக்குப் போனோம். குகைக்கோயில் பார்த்தோம், நீ குரங்குக்குக் கடலை போட்டாய், எல்லோரும் சந்தோஷமாக வீடு திரும்பினோம்.

அங்கே மண்சரிவு இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் நான் பார்த்தது ஒரு நல்ல தார்ச்சாலை. ஈரமாக, சுத்தமாக, மலைமேல் ஏறிப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. அதில் நிறுத்தம் எதுவும் இல்லை. எனக்காகக் காத்துக்கொண்டு ஒரு ஆள்கூட நிற்கவில்லை. எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. நான் அதற்கு முன் அப்படி ஒரு சாலையைப் பார்த்ததே இல்லை. யானைக்குப் பயந்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். இருபது வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். யானை அல்ல. நாற்பது பேரை வைத்துக்கொண்டு மழையிலும் வெள்ளத்திலும் ஓட்டியவனுக்கு, என் பெண்டாட்டி பிள்ளையோடு ஒரு வெறும் சாலையில் போகக் கால் வரவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று தெரியாது என்று நினைத்தேன். அப்படித் தெரியாமல் நிற்பதை நீ பார்த்துவிடுவாய் என்று அதைவிடப் பயந்தேன். ஐந்து நிமிஷம் அந்த வளைவில் நின்றேன். பிறகு கார்வரை நடந்து வரும்போதே மண்சரிவைத் தயாரித்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் சரி. நீ பள்ளியில் அதைக் கட்டுரையாக எழுதினாய். உன் கட்டுரையில் மரங்கள் வேரோடு சாய்ந்தன, பாறைகள் உருண்டன, மூன்று கார்கள் மாட்டிக்கொண்டன, உன் தந்தை துணிச்சலோடு முன்னே சென்று ஆபத்தை அறிந்து குடும்பத்தைக் காப்பாற்றினார். முதல் பரிசு. மேடையில் உனக்கு அகராதி கொடுத்தார்கள். தலைமையாசிரியர் கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்து, “இப்படி ஒரு அப்பா கெடைக்க பையன் குடுத்து வச்சிருக்கணும்,” என்றார். “ஐயோ, அதெல்லாம் இல்லைங்க ஐயா,” என்றேன். என் வாழ்க்கையில் ஒன்றை முழு மனதோடு மறுத்தது அன்றைக்கு ஒருநாள்தான். வழக்கம்போல அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு நீ வளர்ந்து பொறியியல் படித்தாய், அதிலும் மண்ணைப் பற்றி. மேடுகள் ஏன் சரிகின்றன என்று கண்டுபிடிப்பதற்காக சிங்கப்பூரில் உனக்கு இன்று சம்பளம் கொடுக்கிறார்கள். சின்ன வயதில் ஒரு மண்சரிவை நேரில் பார்த்தேன் என்று வேலை நேர்காணலில் சொன்னதாக நீயே சொன்னாய். நான் அன்றைக்குப் பனி கொட்டுகிறது என்று பொய் சொல்லியிருந்தால் உன்னை எந்தத் துறையில் போட்டிருப்பார்களோ தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை உன் மாமனார் நம் வீட்டுக்கு வந்தார். அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், உனக்கே தெரியாது. பிளாஸ்டிக் உறை போட்ட வரைபடத்தை விரித்து மேசையில் வைத்தார். அவரிடம் ஒரு குறையும் இல்லை. உன் கல்யாணத்திலிருந்து இரண்டு வருஷமாகத் தேடுகிறேன். அரசாங்கத்தில் நில அளவை வேலை பார்த்தவர், சிகரெட் கிடையாது, சத்தமாகப் பேசமாட்டார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாத்தாவின் பேச்சை இன்னும் நாக்கில் வைத்திருக்கிறார். உன் அம்மாவின் வடையைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கினார். முதல் தடவையிலேயே.

“சம்பந்தி, இந்த ரோட்டிலை நான் இளம் வயசிலை மூண்டு வருஷம் வேலை செய்தனான்,” என்றார். “தம்பி கேட்டவர், நான் ஓம் எண்டிட்டன். திரும்ப ஒருக்கா பாக்க வேணும் எண்டு கனநாள் ஆசை.”

வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தது. அது உன் கையெழுத்து. பக்கத்தில் ‘அப்பாவின் மண்சரிவு’ என்று எழுதியிருந்தாய்.

“தம்பி இதிலை நிப்பாட்டி எனக்குக் காட்டப் போறாராம்.” அவர் விரலை வட்டத்தின்மேல் வைத்தார். “ஆனா சம்பந்தி, இந்த வளைவு முழுக்கப் பாறை. நாங்கள் வெடி வச்சுத்தான் வெட்டினது. இதிலை சரியிறதுக்கு மண் எங்கால வந்தது?”

“காலம் போச்சுல்ல. மண்ணு சேந்திருக்கும்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண் பரிசோதிக்கிற என் மகனும் பாறை வெட்டிய அவன் மாமனாரும் அந்த வளைவில் இறங்கி நின்று, கையால் தட்டிப் பார்த்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை நான் நினைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் நல்லவர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதுதான் தாங்க முடியாது.

“சரி, அதை விடுவம்,” என்றார். வரைபடத்தை மடித்தார். “எனக்கு முழங்கால் கொஞ்சம் சரியில்லை. பின்சீட்டிலை காலை நீட்டி இருந்தால் சுகம். நீங்களும் வாங்கோவன் சம்பந்தி. முன்னுக்கு நீங்கள் இருங்கோ. வண்டி ஓட்டினவர் முன்னுக்கு இருந்தால் தம்பிக்கும் உதவி.”

அந்த மனிதர் சீட்டைத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார். அடுப்படியில் உன் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். குழாய்ச் சத்தம்கூட இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“சேச்சே, அதெப்படிங்க. நீங்கதான் முன்னாடி உக்காரணும். எனக்கு இங்க செடி இருக்கு.”

அவர் தலையாட்டினார். வடைக்கு நன்றி சொன்னார். போய்விட்டார். உன் அம்மா வெளியே வந்தாள். கையில் கரண்டி இருந்தது. “அலமாக்!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். “மூணாவது தடவ கேக்க கவர்மெண்ட்லேர்ந்து ஆள் வரணுமா?” பிறகு தாழ்ந்த குரலில், “அந்த லாரி வந்தப்பவே எனக்குத் தெரியும்,” என்றாள். இருபத்திரண்டு வருஷம் கழித்து அதைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

இப்போது உனக்கு நான் என்ன அறிவுரை சொல்ல முடியும்? அந்தச் சாலையில் ஓட்டியவர்களைவிட அதிகமாக அதைப் பற்றி நான் படித்திருக்கிறேன், ஆகவே சொல்லத் தடையில்லை. கிரிக்கிலேயே தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றிக்கொள். பனியில் உயர விளக்கைப் போடாதே, உன் வெளிச்சமே உன் கண்ணை மறைக்கும். யானை நின்றால் ஹாரன் அடிக்காதே, தூரத்திலேயே நிறுத்தி, அது போகும்வரை இரு, ரோடு அதனுடையது. போன் பல இடங்களில் எடுக்காது, அதனால் தர்ஷினியோடு பேசிக்கொண்டு போ. இதெல்லாம் உன் மாமனாரும் சொல்லுவார், இதைவிட நன்றாகச் சொல்லுவார். அவர் சொல்ல முடியாதது ஒன்று உண்டு, அதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள். உனக்கு ஏதாவது வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல். தர்ஷினியிடம் சொல், வேலையிடத்தில் சொல், நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அதனிடமும் சொல். பயமாக இருந்தால் அதையும் சொல். நான் அன்றைக்குக் காருக்குத் திரும்பி வந்து, “அப்பாவுக்குப் பயமா இருக்குய்யா,” என்று சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று அடிக்கடி யோசிக்கிறேன். பதினோரு வயதுப் பையன், யானை பார்க்கிற ஆசையில் இருந்தவன், “போலாம்பா, நான் இருக்கேன்ல,” என்று சொல்லியிருப்பாய். நாம் போயிருப்போம். உனக்கு அகராதி கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் நீ காரை இங்கே விட்டுவிட்டுப் போனாய் அல்லவா, டயர் மாற்றக் கொண்டுபோக வேண்டும் என்று. சாவி ஆணியில் தொங்கியது. நான் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தேன். உன் மாமனாரின் நீளக் காலுக்காக சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாய். என் கால் எங்கேயும் முட்டவில்லை. ஒரு பெரிய சோபாவில் விருந்தாளிப் பிள்ளை உட்கார்ந்ததுபோல இருந்தேன். கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாகப் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தேன். கையை நீட்டி சீட்டை முன்னுக்கு இழுக்கலாம் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. அது உன் கார். கேட்டுவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். என்னையும் கூட்டிக்கொண்டு போ. எனக்கு வர ஆசை. உன் பக்கத்தில் உட்கார்ந்து வர ஆசை. பின்னால்தான் இடம் என்றால் பின்னால் வருகிறேன், ஆனால் பக்கத்தில்தான் ஆசை என்பதை மறைக்க மாட்டேன். அந்த வளைவில் நீ நிறுத்தினால் நானும் இறங்கி, உன் மாமனாருக்கும் தர்ஷினிக்கும் முன்னாலேயே, இங்கே ஒன்றும் சரியவில்லை என்று என் வாயால் சொல்லுகிறேன். அதன் பிறகு அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். அவர்மேல் உள்ள பொறாமை அதனால் குறைந்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பொறாமைப்படுவது, மாசாயிலிருந்து பொறாமைப்படுவதைவிட நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாளைக்குச் சாயங்காலம் கார் எடுக்க வருவாய். உன் அம்மா இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பாள். நான் வீட்டில் இருக்க மாட்டேன். கடைத்தெருவில் முடி வெட்டிக்கொள்ளப் போயிருப்பேன். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் அரைமணி நேரத்துக்கு எழுந்து ஓட முடியாது. நீ படித்து முடிக்க அது போதும். கூட்டிக்கொண்டு போக முடியாது என்றால், அங்கேயே வந்து முகத்துக்கு நேராகச் சொல். முடியும் என்றாலும் வந்து சொல். எப்படியும் வா.

உன் அப்பா